லாபம் தாளில், பணம் எங்கே? கேஷ் முறையும் அக்ரூவல் முறையும் கலந்துபோன கணக்கைச் சரிசெய்தல்

கேஷ் முறை நல்லதா, அக்ரூவல் முறை நல்லதா என்ற விவாதத்தால் எந்தச் சிறு நிறுவனத்தின் கணக்கும் கெட்டதில்லை. பாதிப் பதிவுகள் பில் தேதியிலும் மீதி பணம் கைமாறிய தேதியிலும் ஒரே புத்தகத்தில் ஏறுவதால்தான் கெடுகிறது. கேஷ் முறையில் பணம் வந்தால் வரவு, போனால் செலவு. அக்ரூவல் முறையில் சரக்கு போன அன்றே, வேலை முடிந்த அன்றே வரவு. பணம் ஆறு மாதம் கழித்து வந்தாலும் அதில் மாற்றமில்லை. வருமான வரிச் சட்டத்தின் 145ஆம் பிரிவு இரண்டில் ஒன்றைத் தொடர்ந்து பின்பற்றச் சொல்கிறது. இரண்டையும் கலந்து எழுதும் வசதி 1997-98 மதிப்பீட்டு ஆண்டு முதல் இல்லை.

சிக்கல் என்னவென்றால், சட்டங்களே ஒரே முறையில் இல்லை. ஜிஎஸ்டி பில்லைப் பார்க்கிறது. 43பி பிரிவு பணம் கட்டினாயா என்று கேட்கிறது. டிடிஎஸ்ஸோ, அதாவது பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரியோ, வாடிக்கையாளர் தன் புத்தகத்தில் ஏற்றிய தேதியில் பிடிக்கப்படுகிறது. கீழே உள்ள பெரும்பாலான அறிகுறிகள் இந்த இழுபறியில் பிறப்பவை. பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறு.

முதல் சோதனை: உங்கள் புத்தகம் இப்போது எந்த முறையில் இருக்கிறது?

போன மார்ச் மாதத்திலிருந்து மூன்று பதிவுகளை எடுங்கள். மார்ச்சில் பில் போட்டு ஏப்ரலில் பணம் வந்த ஒரு விற்பனை, மார்ச்சில் சரக்கு வாங்கி ஏப்ரலில் பணம் கொடுத்த ஒரு கொள்முதல், ஏப்ரல் முதல் வாரத்தில் கொடுத்த மார்ச் சம்பளம். மூன்றும் மார்ச்சில் இருந்தால் அக்ரூவல். மூன்றும் ஏப்ரலில் இருந்தால் கேஷ். பெரும்பாலான சிறு நிறுவனங்களில் முதல் இரண்டும் மார்ச்சிலும் சம்பளமும் வாடகையும் ஏப்ரலிலும் இருக்கும். ஜிஎஸ்டிக்காக விற்பனை பில்லும் கொள்முதல் பில்லும் உடனே டாலி கணக்கு மென்பொருளில் ஏறிவிடுகின்றன. ஜிஎஸ்டி இல்லாத செலவுகள் பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்து ஏறுகின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, ஆனால் இதுவே கலவைக் கணக்கு.

எந்த முறை என்பது எல்லோருக்கும் விருப்பம் சார்ந்தது இல்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனிச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி அக்ரூவல்தான். எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) இரண்டில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். தனிநபர் தொழிலும் பங்குதாரர் நிறுவனமும் அப்படியே. சரக்கு இருப்பு வைத்து வியாபாரம் செய்பவர் கேஷ் முறைக்குப் போகாமலிருப்பதே நல்லது. மார்ச் கடைசியில் மொத்தமாகச் சரக்கு வாங்கினால் அந்த ஆண்டு நட்டம், அடுத்த ஆண்டு கொள்ளை லாபம் என்று கணக்கு காட்டும். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. டிசைனர், ஆலோசகர், பழுது பார்ப்பவர் போன்ற சேவைத் தொழில்களுக்குத்தான் கேஷ் முறை பொருந்தும்.

அறிகுறி: லாப நட்டக் கணக்கில் லாபம், பேங்கில் காசு இல்லை

அக்ரூவல் முறையில் இது பிழையாகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் எங்கே போனது என்று ரூபாய் கணக்கில் காட்ட முடியாவிட்டால் பிழை இருக்கிறது. லாபத்திலிருந்து பேங்க் இருப்பு வரை ஒரு பாலம் போட்டுப் பாருங்கள். உதிரிபாகம் செய்து விற்கும் ஒரு லேத் பட்டறையின் ஏப்ரல்-ஜூன் காலாண்டை எடுத்துக்கொள்வோம். வரி நீங்கலாக விற்பனை 12,00,000. மூலப்பொருள், கூலி, வாடகை, மின்சாரம், வட்டி, தேய்மானம் எல்லாம் சேர்த்துச் செலவு 10,00,000. லாபம் 2,00,000.

லாபம்: 2,00,000
தேய்மானம், பணம் வெளியே போகாத செலவு: + 40,000
பார்ட்டிகளிடமிருந்து வரவேண்டியது கூடியது, ஜிஎஸ்டி சேர்த்து: − 3,50,000
சரக்கு இருப்பு கூடியது: − 90,000
கொடுக்கவேண்டியது கூடியது: + 1,80,000
ஜூன் மாத ஜிஎஸ்டி, இன்னும் கட்டாதது: + 36,000
கடன் அசல் கட்டியது: − 60,000
முதலாளி வீட்டுச் செலவுக்கு எடுத்தது: − 75,000
பேங்க் இருப்பில் மாற்றம்: − 1,19,000

இரண்டு லட்சம் லாபம் வந்த காலாண்டில் பேங்க் இருப்பு ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் குறைந்திருக்கிறது. இரண்டும் உண்மை. பேங்க் ஸ்டேட்மென்டும் இதே தொகையைக் காட்டினால் கணக்கு சரி, கவனிக்க வேண்டியது வசூலை. தொகை ஒத்துவராவிட்டால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, இஎம்ஐ முழுவதையும் வட்டி லெட்ஜரில் போட்டிருப்பார்கள். கடன் கொடுத்தவரின் அட்டவணையைப் பார்த்து அசலையும் வட்டியையும் பிரிக்க வேண்டும். இரண்டு, முதலாளி எடுத்த பணம் "பலவகைச் செலவு" என்று போயிருக்கும். மூன்று, காலாண்டு முடிவில் சரக்கை எண்ணாமல் பழைய இருப்பையே விட்டிருப்பார்கள். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. பீரோவில் இருக்கும் கம்பியும் பித்தளையும் செலவாகப் போய்விட, லாபம் குறைத்துக் காட்டப்படும்.

அறிகுறி: கேஷ் முறைதான், ஆனால் பேங்க் வரவும் வருமானமும் ஒட்டவில்லை

பேங்கில் வந்த தொகையை அப்படியே வருமானம் என்று எழுதுவதால் வருவது. அந்தத் தொகையில் உங்களுடையது அல்லாத ஜிஎஸ்டி இருக்கிறது; உங்களுடையதான டிடிஎஸ் அதில் இல்லை. ஒரு லட்சம் கட்டணம், 18% ஜிஎஸ்டி, 10% டிடிஎஸ் என்றால் பேங்கில் விழுவது 1,08,000. வருமானம் 1,00,000. ஜிஎஸ்டியைப் பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் டிடிஎஸ் கட்டணத்தின் மேல் மட்டும்தான். 1,18,000 மீது பிடித்திருந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லித் திருத்த வேண்டும்.

பதிவை இரண்டு தேதிகளில் போட வேண்டும். பில் போட்ட அன்று வருமானத்தைத் தொடாதீர்கள். ஜிஎஸ்டியை மட்டும் ஜர்னலில் ஏற்றுங்கள்:

ஜிஎஸ்டி வரவேண்டியது (பற்று) 18,000
அவுட்புட் ஜிஎஸ்டி (வரவு) 18,000

பணம் வந்த அன்று:

பேங்க் (பற்று) 1,08,000
டிடிஎஸ் (பற்று) 10,000
கட்டணம் (வரவு) 1,00,000
ஜிஎஸ்டி வரவேண்டியது (வரவு) 18,000

இப்படிச் செய்தால் ஜிஎஸ்டி லெட்ஜர் ரிட்டர்னோடும், வருமானம் கேஷ் முறையோடும் ஒத்துப்போகும். ஆண்டு முடிவில் "ஜிஎஸ்டி வரவேண்டியது" லெட்ஜரில் நிற்கும் தொகை, பணம் வராத பில்களின் வரித் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு பில்லின் பணம் முழுவதும் கட்டணத்தில் போய் விழுந்திருக்கிறது.

அறிகுறி: 26ஏஎஸ்ஸில் உள்ள தொகை, காட்டிய வருமானத்தைவிட அதிகம்

26ஏஎஸ் என்பது உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித்துறைப் படிவம். வாடிக்கையாளர் மார்ச் 31 அன்று உங்கள் பில்லைத் தன் புத்தகத்தில் ஏற்றி டிடிஎஸ் பிடித்துவிட்டார். பணம் ஏப்ரல் 20இல் வந்தது. கேஷ் முறையில் எழுதும் உங்களுக்கு அது அடுத்த ஆண்டு வருமானம். வரி மட்டும் இந்த ஆண்டு 26ஏஎஸ்ஸில் நிற்கிறது. வருமானத்தைக் காட்டாமல் டிடிஎஸ்ஸை மட்டும் இந்த ஆண்டே கேட்டால் நோட்டீஸ் வரும்.

இதற்கான விதி 37பிஏ. வருமானம் எந்த ஆண்டில் வரிக்கு வருகிறதோ அந்த ஆண்டில்தான் டிடிஎஸ் வரவு என்கிறது அது. வருமான வரி ரிட்டர்னின் (ஐடிஆர்) டிடிஎஸ் அட்டவணையில் அந்தத் தொகையை இந்த ஆண்டு உரிமை கோராமல் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்லும் பத்தியில் போடுங்கள். அடுத்த ஆண்டு ரிட்டர்னில், எந்த நிதியாண்டில் பிடித்தது என்று குறிப்பிட்டு, முந்தைய ஆண்டிலிருந்து வந்த தொகையாகக் கோர வேண்டும். இந்த இரண்டாவது படியைத்தான் மறக்கிறார்கள். அடுத்த ஆண்டு 26ஏஎஸ்ஸில் அந்த வரி தெரியாது, போர்ட்டல் தானாக நிரப்பித் தரும் என்று நம்பினால் பணம் போச்சு. எடுத்துச்சென்ற தொகைகளுக்கு டாலியில் ஆண்டு எண்ணோடு தனி லெட்ஜர் வைத்துவிட்டால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: ஜிஎஸ்டி விற்றுமுதல் ஒன்று, ஐடிஆர் விற்றுமுதல் வேறு

வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸில் ஜிஎஸ்டி விற்றுமுதலும் தெரிவதால் இந்த வேறுபாடு துறையின் கண்ணில் உடனே படும். கேஷ் முறைக்காரருக்கு வேறுபாடு இருப்பது இயல்பு. விளக்கத் தாள் இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. தாள் இவ்வளவுதான்: ஜிஎஸ்டியின் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இன்படி வரி நீங்கலான விற்றுமுதல் 38,00,000. அதோடு, போன ஆண்டு பில்களுக்கு இந்த ஆண்டு வந்த பணம் 5,00,000 கூட்டுங்கள். இந்த ஆண்டு பில்களில் மார்ச் 31 வரை வராத 7,50,000 கழியுங்கள். ஐடிஆரில் காட்டும் வரவு 35,50,000. எல்லாத் தொகையும் வரி நீங்கலாக. பின்னால் பில்வாரியாகப் பட்டியல் இணைத்து, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் அன்றே கோப்பில் வையுங்கள்.

அக்ரூவல் முறைக்காரருக்கு வேறுபாடு வந்தால் காரணம் வேறு: கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) புத்தகத்தில் ஒரு மாதத்திலும் ரிட்டர்னில் இன்னொரு மாதத்திலும் இருக்கும், அல்லது பழைய இயந்திரம் விற்றது ஜிஎஸ்டியில் விற்றுமுதலாகவும் புத்தகத்தில் சொத்து விற்பனையாகவும் இருக்கும். சேவைக்கு வாங்கிய முன்பணமும் இதில் சேரும். சேவைக்கு முன்பணம் வாங்கிய உடனே ஜிஎஸ்டி உண்டு. சரக்கு விற்பனைக்கான முன்பணத்துக்கு 2017 நவம்பர் 15 முதல் அந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: பணம் வரவில்லை, ஜிஎஸ்டி மட்டும் கட்ட வேண்டியிருக்கிறது

"நாங்கள் கேஷ் முறை, பணம் வந்ததும் கட்டுகிறோம்" என்ற வாதம் ஜிஎஸ்டியில் எடுபடாது. பிரிட்டனில் வாட் வரிக்கு, ஆண்டு விற்றுமுதல் 13.5 லட்சம் பவுண்டுக்குள் இருக்கும் வணிகர் பணம் வந்தபின் கட்டும் திட்டத்தில் சேரலாம். அப்படி ஒன்று இங்கே இல்லை. பில் போடாமல் தள்ளிப்போடுவதும் வழியல்ல: சேவை முடிந்து 30 நாளுக்குள் பில் போட வேண்டும், தவறினால் சேவை கொடுத்த தேதியே வரிக்குரிய தேதியாகிவிடும், தாமதத்துக்கு 18% வட்டி.

செய்யக்கூடியது மூன்று. வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் எப்போது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வாடிக்கையாளர் தொகையை ஒப்புக்கொள்ளும் வரை புரொஃபார்மா பில் (வரிக்குக் கணக்காகாத முன்மாதிரி பில்) மட்டும் அனுப்புங்கள், ஆனால் 30 நாள் கணக்கு வேலை முடிந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பது நினைவிருக்கட்டும். மூன்றாவது வாடிக்கையாளரை அசைக்கக்கூடியது: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் கொடுக்காவிட்டால் உங்கள் பில்லிலுள்ள ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்து அவர் எடுத்த இன்புட் வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். இதை 150ஆம் நாள் வாக்கில் அவருடைய அக்கவுண்டன்டுக்கு ஒரு மெயிலில் நினைவுபடுத்தினால், முதலாளியிடம் கேட்டு வராத பணம் பல சமயம் அங்கிருந்து வரும்.

இதே விதி உங்களுக்கும் உண்டு. கேஷ் முறையில் எழுதுபவர் பணம் கொடுக்காத கொள்முதல் பில்லைப் புத்தகத்திலேயே ஏற்றியிருக்க மாட்டார். ஆனால் சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பியில் பார்த்து இன்புட் எடுத்திருப்பார். 180 நாள் தாண்டியதை டாலி காட்டாது. தனிப் பட்டியல் வைத்தால்தான் உண்டு.

அறிகுறி: ஒரு மாதம் அமோக லாபம், அடுத்த மாதம் நட்டம்

அக்ரூவல் என்று சொல்லிக்கொண்டு செலவுகளை மட்டும் பணம் போன தேதியில் எழுதுவதன் விளைவு. ஜனவரி 1 அன்று 36,000 ரூபாய்க்கு ஓராண்டு இன்சூரன்ஸ் கட்டினால், மார்ச் 31 வரை செலவு 9,000 மட்டும். 27,000 முன்கூட்டிச் செலுத்தியதாக இருப்புநிலைக் குறிப்பில் நிற்க வேண்டும். தீபாவளி போனஸும் இப்படித்தான்: பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் ஒதுக்காவிட்டால் தீபாவளி மாதம் எப்போதும் நட்ட மாதமாகவே தெரியும். சில நூறு ரூபாய்ச் செலவுகளுக்கெல்லாம் இந்த வேலை வேண்டாம். உங்கள் மாத லாபத்தை அசைக்கும் நான்கைந்து செலவுகளுக்குச் செய்தால் போதும்.

ஆண்டுக் கணக்கில் பன்னிரண்டுக்குப் பதில் பதிமூன்று மாத வாடகையோ சம்பளமோ இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். கலவைக் கணக்கை இந்த ஆண்டு சரிசெய்தவர்களிடம் இது நிச்சயம் இருக்கும்: போன மார்ச் சம்பளம் ஏப்ரலில் செலவாகிவிட்டது, இந்த மார்ச் சம்பளமும் ஒதுக்கீடாக வந்துவிட்டது.

அறிகுறி: வாடிக்கையாளர் லெட்ஜர் தலைகீழாக நிற்கிறது

வரவேண்டியவர் பெயரில் நாம் கொடுக்கவேண்டியதாகக் காட்டினால் முன்பணமாக இருக்கலாம், ஏறாத பில்லாக இருக்கலாம், அல்லது ஒரே பார்ட்டிக்கு இரண்டு லெட்ஜர் இருக்கலாம். டாலியில் அவுட்ஸ்டாண்டிங் அறிக்கையைத் திறந்து "ஆன் அக்கவுண்ட்" என்று கிடக்கும் தொகைகளைப் பாருங்கள். பணம் வந்தபோது எந்த பில்லுக்கு என்று "அகெய்ன்ஸ்ட் ரெஃப்" கொடுக்காமல் விட்டவை அவை. ஒவ்வொன்றையும் பில்லோடு பொருத்துங்கள், பில் இல்லாததை "அட்வான்ஸ்" என்று மாற்றுங்கள். பொருத்தாமல் ஆண்டை முடித்தால், தீர்ந்துபோன பழைய பில் வரவேண்டியதாகவே நிற்கும். மேலே சொன்ன 180 நாள் கணக்கும் கீழே வரும் 45 நாள் கணக்கும் தப்பாகும்.

அறிகுறி: செலவு புத்தகத்தில் இருக்கிறது, ஆடிட்டர் வரிக்கணக்கில் ஏற்க மறுக்கிறார்

43பி பிரிவு. அக்ரூவல் முறைக்காரருக்கும் சில செலவுகளைப் பணம் கட்டினால்தான் கழிக்க விடும் பிரிவு இது. வரிகள், நிறுவனத்தின் பங்கான பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ் ஆகியவற்றை ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் கட்டினால் போதும். தொழிலாளியிடம் பிடித்த பிஎஃப் பங்குக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. அடுத்த மாதம் 15ஆம் தேதி தவறினால் அந்தச் செலவு நிரந்தரமாகப் போகும். உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் இதை உறுதிசெய்துவிட்டது.

2023-24 நிதியாண்டு முதல் சேர்ந்த 43பி(எச்) தான் இப்போது அதிகம் கடிப்பது. உத்யம் பதிவுள்ள (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) குறு, சிறு உற்பத்தியாளரிடமோ சேவை தருபவரிடமோ வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால், பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவு. ரிட்டர்ன் தேதிவரை அவகாசம் என்ற சலுகை இதற்கு இல்லை.

ஒரு பில்லை வைத்துப் பார்ப்போம். 2026 பிப்ரவரி 25இல் சரக்கை ஏற்றுக்கொண்டீர்கள். ஏப்ரல் 10இல் பணம் கொடுத்தீர்கள். ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு மார்ச் 12, எனவே அந்தக் கொள்முதல் அடுத்த ஆண்டுச் செலவாகிவிடும். 45 நாள் என்று எழுதி வைத்திருந்தால் கெடு ஏப்ரல் 11. ஆண்டு தாண்டிக் கொடுத்தும் 2025-26இலேயே செலவு. வித்தியாசம் ஒரு தாள். கொள்முதல் ஆர்டரிலேயே 45 நாள் என்ற வரியைச் சேர்த்து இரு தரப்பும் கையெழுத்திட்டுவிடுங்கள். சப்ளையரின் உத்யம் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். வாங்கி விற்கும் வியாபாரி உத்யம் பதிவு வைத்திருந்தாலும் இந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது. பல இடங்களில் எல்லா சப்ளையரையும் ஒரே பட்டியலில் போட்டு, வேண்டாத செலவையும் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள்.

அறிகுறி: வராக்கடனைக் கழிக்க முடியவில்லை

கேஷ் முறையில் அது வருமானமாகவே ஏறவில்லை, எனவே கழிக்கவும் ஏதுமில்லை. அக்ரூவல் முறையில் அந்த விற்பனை முன்பு வருமானமாகக் காட்டப்பட்டிருந்தால், புத்தகத்தில் பார்ட்டி லெட்ஜரையே மூடி எழுதிய ஆண்டில் கழிக்கலாம். "சந்தேகக் கடன் ஒதுக்கீடு" என்று ஒரு வரி போட்டால் போதாது. இரண்டு முறையிலும் கட்டிய ஜிஎஸ்டி திரும்பாது. சரக்கு திரும்பி வந்தாலோ விலையைக் குறைத்தாலோ மட்டும் கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைக்கலாம், அதுவும் அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30க்குள். ஏமாற்றியவருக்கு கிரெடிட் நோட் போட்டு வரியைத் திரும்ப எடுப்பது சிலர் செய்யும் வேலை. பிடிபட்டால் வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

அறிகுறி: முறையை மாற்றிய ஆண்டில் வருமானம் இரட்டிப்பாகிறது, அல்லது காணாமல் போகிறது

மாற்றத்தை ஏப்ரல் 1இல் மட்டும் செய்யுங்கள், நடு ஆண்டில் வேண்டாம். மார்ச் 31 நிலவரப்படி இரண்டு பட்டியல்களை பில்வாரியாக எடுத்து முதலாளி கையெழுத்திட்டு வைக்க வேண்டும்: வராத பில்கள், கொடுக்காத பில்கள்.

கேஷிலிருந்து அக்ரூவலுக்குப் போகும்போது, பழைய பில்கள், மேலே விளக்கத் தாளில் வந்த பணம் வராத 7,50,000, இதுவரை வருமானமாக ஏறியதே இல்லை. அவற்றை ஓப்பனிங் பேலன்ஸாக ஏற்றிவிட்டு, பணம் வரும்போது பார்ட்டி கணக்கில் வரவு வைத்தால் அந்தத் தொகை எந்த ஆண்டிலும் வரிக்கு வராமல் நழுவும். துறை கேட்கும் முதல் கேள்வி அதுதான். "மாற்றத்துக்கு முந்தைய பில் வரவு" என்று தனி வருமான லெட்ஜர் திறந்து அதில் காட்டுங்கள். பழைய கொடுக்காத பில்களுக்கும் அதேபோல் தனிச் செலவு லெட்ஜர்; அந்தச் செலவை விட்டுவிட்டால் நட்டம் உங்களுக்கு. ஜிஎஸ்டி ரிட்டர்னில் இவற்றைத் தொடவே கூடாது, அங்கே பில் தேதியிலேயே முடிந்துவிட்டது.

எதிர்ப்பக்கம் போனால் எல்லாம் தலைகீழ்: பழைய பில்களுக்கு வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, எனவே அந்தப் பணம் வரும்போது வருமானத்தில் போடாமல் பழைய பார்ட்டி கணக்கிலேயே கழியுங்கள். டாக்ஸ் ஆடிட் உள்ளவர்களுக்கு, ஆடிட் அறிக்கையோடு தரும் விவரப் படிவமான 3சிடியின் 13ஆம் பத்தியில் மாற்றத்தையும் அதனால் லாபம் எவ்வளவு மாறியது என்பதையும் எழுத வேண்டும். அந்தத் தொகை மேற்சொன்ன இரண்டு பட்டியல்களிலிருந்தே வரும், ஆகவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே அவற்றின் பிரதியை ஆடிட்டருக்கு அனுப்பிவிடுங்கள். செப்டம்பரில் தேடினால் பாதி பில்களின் பணம் வந்து கலந்துபோயிருக்கும்.